பிளீச்சிங் பவுடர்

என் கணவர் லாரி ஓட்டியவர். வீட்டுக் கூரையில் ஷீட் மாற்ற ஏறி விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று செங்கல் என்ற எங்கள் ஊரை விட்டுப் பாறசாலைக்கு வந்து, ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். மூத்திரமும் மலமும் அவர் அறியாமலே போய்விடும். டயப்பர் இல்லாமல் முடியாது.

கட்டிவிடுவதும் கழற்றுவதும் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. கழற்றியதை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்க வரும் பெண்கள் டயப்பரை எடுக்கமாட்டார்கள். குழிவெட்டிப் புதைக்க எங்களுக்கு மண் கிடையாது. அதற்கென்று வாரம் ஒருமுறை வரும் வண்டிதான் கதி. அதுவரை படுக்கையறையை ஒட்டிய பால்கனியில், ஒரு வாளிக்குள் போட்டு வைப்பேன். வாளியின் மூடி சரியாகப் பொருந்தாது.

மழை கொட்டிய வாரத்தில் வண்டி வரவில்லை. மழை விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா பாதிப்படி ஏறி வந்து நின்றார்.

"மக்கா, ஒண்ணும் நினைக்காதே. சோறு திங்க இருந்தா ஜன்னல் வழியா மணம் வருது. நாளைக்கு எனக்க மருமவளுக்க வீட்டு ஆளுவ வாறாவ. அதுக்கு முன்ன என்னமாவது செய்யணும், கேட்டியா."

"செய்யுதேன் அக்கா" என்றேன். முகம் எரிந்தது.

உள்ளே என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அவிய சொன்னது கேட்டுது. நம்மள வீட்ட விட்டு எறக்குவாவளோ?"

"அப்பிடி ஒண்ணும் சொல்லல்ல."

தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார். தாகமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்குப் போய் பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன். ஓடையிலும் கழிவறையிலும் போடுவதுதானே, எந்த நாற்றத்தையும் அடித்துவிடும் என்று நம்பினேன். மூடியைத் திறந்து, நனைந்து ஊறிக்கிடந்த டயப்பர்களின் மேல் தாராளமாகக் கொட்டி, ஒரு கப் தண்ணீரும் ஊற்றினேன். முதலில் மருந்து வாடை வந்தது. அடுத்து மூக்கில் ஊசி குத்தியதுபோல ஒரு காரம். கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டை அடைத்தது. பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. காற்று நேராக அறைக்குள் அடித்தது.

அவர் இருமத் தொடங்கினார்.

எனக்காவது ஓடக் கால் இருந்தது. அவர் இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். கதவை இழுத்துச் சாத்தினேன். ஆனால் உள்ளே நுழைந்தது உள்ளேயே நின்றது. அவரைத் தூக்கிப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. படிக்கட்டில் நின்று அலறினேன்.

வீட்டுக்கார அக்காவும் அவர் மகனும் ஓடி வந்தார்கள். "துணியோட பிடி! தலைய நான் பாத்துக்கிடுதேன்!" என்று அக்கா கத்தினார். விரிப்பின் முனைகளைப் பிடித்து, அவரை முன்னறைக்கு இழுத்து வந்தோம். இழுத்ததில் டயப்பர் விலகி, விரிப்பெல்லாம் ஒழுகி, அக்காவின் சேலையும் நனைந்தது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் மகன் ஆட்டோ கூப்பிட்டான். அக்காவும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு இருமல் அடங்கியது. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்தோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், இனி அந்தப் பக்கமே போகாதே என்று டாக்டர் கடிந்துகொண்டார். டயப்பரைப் பார்த்துவிட்டு, மூத்திரம் ஏன் இவ்வளவு அடர்ந்த நிறமாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் என் கணவரே சொன்னார்.

"கொஞ்ச நாளாட்டு நான் வெள்ளம் குடிக்கல்ல. குடிச்சாத்தானே நனையும். நனைஞ்சாத்தானே மணக்கும்."

தண்ணீர் குறைந்தால் நாற்றம் இன்னும் கூடத்தான் செய்யும், சிறுநீரகமும் கெடும் என்றார் டாக்டர். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கணவர்மேல் கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. ஒவ்வொரு முறையும் டம்ளரைத் தள்ளியபோது அவர் நாக்கு எப்படி வறண்டிருக்கும்!

இப்போது மலத்தைக் கழிவறையில் தட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, டயப்பரை இறுக்கிச் சுருட்டி ஒட்டி, பத்திரிகைத்தாளில் பொதிந்து, காற்றை அமுக்கி வெளியேற்றிய பையில் முடிச்சுப்போடுகிறோம். அடியில் சமையல் சோடா மாவு தூவிய புது வாளி, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் மூடியோடு, அக்கா காட்டிய கீழ்த்தளத்து நிழலில் இருக்கிறது. தாளை மடித்துக் கொடுப்பது என் கணவரின் வேலை. "கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டார்.

நாற்றம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வண்டி பிந்தும் நாட்களில் படியிறங்கும்போது மூக்கு தானாக மோப்பம் பிடிக்கிறது. அக்கா எதிரே வந்தால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். ஆனால் கணவரிடம் டம்ளரைக் கொடுத்தால், கடைசி மடக்கு இறங்கும்வரை நான் அவர் பக்கத்திலிருந்து நகர்வதில்லை.