பெயர் கூப்பிடும் சக்கரம்

நாரின் என்ற மலை நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கிராமப் பள்ளியில் பெகாயிமைக் கம்ப்யூட்டர் புலி என்றுதான் சொல்வார்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வந்து ஐந்தே வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூலையில் தூசி படிந்து கிடந்த புரொஜெக்டருக்கு உயிர் கொடுத்துவிட்டாள். கூட்டல் கணக்குக்குத் திரையில் ஆட்டுக்குட்டிகளை ஓடவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெயர்ச் சக்கரம். திரையில் வண்ண வண்ணமாய்ச் சுழலும், ஏதோ ஒரு பெயரில் வந்து நிற்கும், உடனே கம்ப்யூட்டர் ஒரு பெண்குரலில் அந்தப் பெயரைக் கூப்பிடும். அந்தப் பிள்ளை எழுந்து வந்து கரும்பலகையில் கணக்குப் போட வேண்டும். மற்ற ஆசிரியர்கள் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் எதற்காக அதைக் கற்றுக்கொண்டாள் என்பது தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

இலையுதிர்காலத்தில்தான் பெகாயிமுக்கும் எர்லானுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அதே பெயர் வேறு யாருக்கு இருந்தாலும் அதையும் சொல்லக்கூடாது. அவள் மாமியார் பெயர் அனார்குல். இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் முதல் பெயரும் அனார்குல். போதாக்குறைக்கு, மாமியார் அதே பள்ளியில் சமையல் வேலை. சமையலறை அடுத்த அறைதான். நடுவில் இருப்பது பலகைச் சுவர், இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

முதல் நாள் பதிவேட்டைத் திறந்ததுமே அவளுக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது பெயரிலிருந்து வாசித்தாள். பாடம் நடக்கும்போது, "மஞ்சள் ரிப்பன், நீ சொல்லு" என்று சமாளித்தாள். குட்டி அனார்குல் அன்றிலிருந்து தினமும் மஞ்சள் ரிப்பனே கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் ரிப்பன் இல்லை. "முதல் பெஞ்சு, எழுந்திரு" என்றாள் பெகாயிம். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள். அனார்குல் அப்படியே உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே பெகாயிம் மடிக்கணினியைத் திறந்து அந்தச் சக்கரத்தைச் செய்யக் கற்றுக்கொண்டாள். மறுநாள் அது முதல் முறையாக "அனார்குல்" என்று கூப்பிட்டபோது, பிள்ளை மேசையில் இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வருகைப் பதிவையும் மெஷினிடமே விட்டுவிட்டாள். தொல்லை விட்டது என்று பெகாயிமுக்கு நிம்மதி. நமக்கெல்லாம் ஒரு பொத்தான் கிடைத்தால் போதும், செய்ய வேண்டியதையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவோம்.

ஆறாவது வாரம் கல்லூரியிலிருந்து சமுதின் அகாய் வந்தார். அங்கே வாத்தியாரை அகாய் என்றும் டீச்சரை எஜே என்றும்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு பாடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பெகாயிமுக்குச் சான்றிதழ். போடாவிட்டால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரு வருஷம் போச்சு. மனுஷர் சிரித்த முகம்தான், ஆனால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவர் என்று பேர்.

பெண் குழந்தைகள் எல்லோரும் அன்று விசேஷமாகப் பெரிய வெள்ளை ரிப்பன் கட்டி வந்திருந்தார்கள். பாடம் பிரமாதமாகப் போனது. கூப்பிடப்பட்ட பெயர் சக்கரத்திலிருந்து மறைந்துவிடும். இருபத்தோரு பேர் வந்து போனபின் மிச்சமிருந்தது ஒரே பெயர். அனார்குல் பாதி எழுந்தே நின்றாள். வெளியே கடுங்குளிர், ஊரே ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனது.

"பரவாயில்ல, நீங்களே கூப்பிடுங்க" என்றார் சமுதின் அகாய்.

வாசலில் பத்து மணிப் பாலும் பன்னும் ஏந்திய தட்டோடு மாமியார் நின்றிருந்தாள்.

"நீ வாம்மா" என்று பெகாயிம் கையைக் காட்டினாள். பிள்ளை நகரவில்லை.

"கரண்ட் வந்ததும் வரேன், எஜே. மெஷின் கூப்பிடட்டும்."

"ஏன் கண்ணு? எஜேதான் கூப்பிடறாங்களே" என்றார் அகாய்.

"எஜேவுக்கு என் பேரு தெரியாது. மெஷினுக்குத்தான் தெரியும்."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. டீச்சரைக் காப்பாற்றுகிற மாதிரிதான் சொன்னாள். பெகாயிமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெழுத்து, மாமியார், எதுவும் அந்தக் கணத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

"அனார்குல்" என்றாள். "வாம்மா அனார்குல்."

"இதோ எஜே!" என்று ஒரு குரல். "ஆங்?" என்று வாசலிலிருந்து இன்னொரு குரல். தட்டில் கோப்பைகள் கடகடத்தன. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சமுதின் அகாய் வீட்டிலும் மருமகள் உண்டு, விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். குட்டி அனார்குல் வந்து ஏழும் எட்டும் பதினைந்து என்று பெரிதாக எழுதினாள்.

அகாய் கையெழுத்துப் போட்டார். "சக்கரம் நல்லாத்தான் இருக்கு. வருகைப் பதிவை மட்டும் வாயால எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெகாயிம் நேரே சமையலறைக்கு மாமியாரிடம் போனாள். வயதில் பெரிய பெண்களை அங்கே அபா என்பார்கள். "அபா, மன்னிச்சுக்குங்க. வாய் தவறலை, தெரிஞ்சேதான் சொன்னேன்."

மாமியார் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ளையை எத்தனை நாளாப் பேர் சொல்லிக் கூப்பிடல?"

"ஆறாவது வாரம்."

"எனக்கு முப்பத்தோரு வருஷம்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "உன் மாமனாருக்கு நான் கிழவி. ஊருக்கு எர்லானோட அம்மா. இங்க எல்லாருக்கும் சமையல் அபா. எங்கம்மா போனதுக்கப்புறம் அந்தப் பேரை யாரு சொன்னா? உன் மெஷின்தான். அது கூப்பிடறப்பல்லாம் கரண்டியை நிறுத்திட்டுக் கேப்பேன்."

பெகாயிம் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"வீட்டுல சொல்லித் தொலைக்காதே" என்று சிரித்தாள் மாமியார். "கிழவருக்கு மூச்சே நின்னுடும்."

மறுநாள் கரண்ட் இருந்தது. பெகாயிம் புரொஜெக்டரைப் போடவில்லை. பதிவேட்டைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சி கிண்டும் சத்தம் நின்றது.

"அனார்குல்."

"வந்திருக்கேன், எஜே!"

கரண்டி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் அடுத்த பெயரை வாசித்தாள்.