குழந்தைகள் பூங்காவில் விசில்காரி

குழந்தைகள் பூங்காவில் காவலுக்கு நிற்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது விடுமுறை நாள் அல்ல, தொண்டை கட்டுகிற நாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், மெயின்ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பூங்கா. தனியார் பூங்காதான். ஊஞ்சல், சறுக்கு, குட்டி ரயில், மிதிபடகு ஓடுகிற ஒரு குளம், மேற்கே திரும்பினால் மலை. நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பஞ்சுத் தூசி சேராமல் மூச்சிரைப்பு வந்தது. காற்றோட்டமான வேலை என்று நம்பி இங்கே வந்தேன். சேலைக்கு மேல் போட ஒரு நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கவிட ஒரு விசிலும் கொடுத்தார்கள். அதிகாரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்களே, தேரோட்டத்தன்று கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று கெஞ்சுகிறவர்களே, ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தர் மட்டும் உள்ளே போங்கள் என்று கத்துகிறவர்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதெல்லாம் வெறும் கோபமாகத் தெரியும். கோபம்தான், வேறென்ன?

ஊஞ்சல் மாப்பிள்ளை

பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஊஞ்சல் கம்பத்தில் எழுதியிருக்கிறோம். ஒருநாள் புதுமாப்பிள்ளை ஒருவர், விருந்துக்கு வந்த இடத்தில் மாமனார் வீட்டுப் பட்டாளத்தோடு வந்தார். ஆள் வாட்டசாட்டம். நேரே போய் ஊஞ்சலில் உட்கார்ந்தார். மச்சினன் போனைப் பிடிக்க, மச்சினிகள் தள்ளிவிட, ஊஞ்சல் அந்தரத்துக்குப் போய்வந்தது. பக்கத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விசில் ஊதினேன். அவர் கையசைத்தார், தனக்குத்தான் உற்சாக விசில் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

கிட்டப் போய், "இறங்குங்க தம்பி, பிள்ளைக நிக்கிதுல்ல" என்று சொல்லி வாய் மூடவில்லை, கொக்கி விட்டுவிட்டது. மாப்பிள்ளை மணலில் விழுந்தார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஊஞ்சலுக்குத்தான் ஒரு பக்கச் சங்கிலியே போனது. வரிசையில் முதலாவதாக நின்ற சின்னப்பெண் அழ ஆரம்பித்தாள். மாமனார் மணலைத் தட்டிவிட்டபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ள வாராகன்னு தெரிஞ்சா கொஞ்சம் கெட்டியா மாட்டி வச்சிருக்கக் கூடாதாம்மா?"

எழுத்துக்கு நிழல்

எங்கள் சறுக்கு தகரம். சித்திரை வெயிலில் மத்தியானம் அதில் தோசை வார்க்கலாம். உச்சி வெயில் நேரத்தில் யாரும் ஏறக்கூடாதென்று குறுக்கே கயிறு கட்டிவைப்பேன். ஒரு அப்பா கயிற்றைத் தூக்கிவிட்டு, அரைக்கால் டவுசர் போட்ட பையனை மேலே உட்காரவைத்துத் தள்ளிவிட்டார். பையன் அலறியபடியே கீழே வந்தான். தொடை இரண்டும் செவேலென்று ஆகிவிட்டது. குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நான் அந்த ஆளைத் திட்டினேன். நல்லவேளை, கொப்புளம் வரவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், சறுக்குக்கு மேலே பச்சை வலைப் பந்தல் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். தலையாட்டினார். அந்த வாரமே ஆள் வந்து பந்தல் போட்டார்கள். ஆனால் சறுக்குக்கு இல்லை. நுழைவாசல் பக்கம் போட்டோ எடுப்பதற்காகச் சிவப்பில் ஊர்ப் பெயரை ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த எழுத்துக்குப் போட்டார்கள். எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "என்ன முதலாளி இது?" என்றேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "சறுக்கு சுட்டா பிள்ள எந்திரிச்சு வேற வெளையாட்டுக்குப் போயிரும். எழுத்து வெளுத்தா ஆளே வராதும்மா."

குரங்கு

மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வரும். ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்போம். ஒரு அம்மா, போனில் வீடியோ நன்றாக வரவேண்டும் என்பதற்காக, இரண்டு வயசுக் குழந்தை கையில் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்துக் குரங்குக்கு நேராக நிறுத்தினார். குரங்கு பாக்கெட்டைப் பிடுங்கியதில் குழந்தையின் கையில் நகம் கீறிவிட்டது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள் என்று நான் படபடத்தேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "மொதல்ல நீங்க ஒங்க கொரங்குக்கு ஊசி போட்டிருக்கீகளா, அதச் சொல்லுங்க!"

இரண்டு கார்

குட்டி ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று தனியாக நின்று தேம்பிக்கொண்டிருந்தது. பெயர் கேட்டால் "பாப்பா" என்றது. அப்பா பெயர் கேட்டால் "அப்பா." டிக்கெட் கொடுக்கிற தங்கப்பாண்டி அண்ணன் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். யாரும் வரவில்லை. குழந்தை என் சேலை முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. அழுகையை நிறுத்த ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்று அண்ணன் போனை எடுக்கிற நேரத்தில் இரண்டு கார்கள் புழுதி பறக்க வந்து நின்றன.

அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். இவர்கள் காரில் இருக்கிறாள் என்று அவர்களும், அவர்கள் காரில் இருக்கிறாள் என்று இவர்களும் நினைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், பால்கோவாவும் வாங்கிவிட்டார்கள். பங்கு பிரிக்கும்போதுதான் பிள்ளை இல்லாதது தெரிந்திருக்கிறது. அம்மாக்காரி ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்பாக்காரர் மட்டும் குழந்தையின் சட்டையில் வழிந்திருந்த ஐஸைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "யாரக் கேட்டு இவளுக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தீக? சளி பிடிச்சா நீங்களா பாப்பீக?"

அங்கிட்டுத் திரும்பி ஆடுங்க

மம்சாபுரத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள். மகளுக்கு எட்டு வயது இருக்கும். காலும் கழுத்தும் நிற்காது. பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து பூங்கா வரை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். பிள்ளையை ஊஞ்சலில் உட்காரவைத்து, என் நீலச் சட்டையைக் கழற்றி இடுப்போடு சங்கிலியில் கட்டி, பின்னால் நின்று நான் தாங்கிக்கொண்டேன். மெதுவாகத்தான் ஆட்டினோம். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ரயிலில் போன பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஊஞ்சலில் மகனை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் பையன் பயப்படுதான். அவியளை வேற பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்களேன்" என்றார். அந்தப் பையன் பயப்படவே இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காட்டுவதற்காக இன்னும் உயரமாக ஆடிக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தாய்க்குக் கேட்டுவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. மகளின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கோம்க்கா. பாக்கப் பிடிக்கலைன்னா நீங்க அங்கிட்டுத் திரும்பி ஆடுங்க."

குளத்துக்கரை

குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி உண்டு. தாமரைப் பக்கம் நின்று போட்டோ எடுப்பதற்காக யாரோ ஒரு இடத்தில் வேலியை வளைத்துப் பிய்த்துவிட்டார்கள். மழைக்காலத்திலிருந்து நான் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாப்போம்" என்பார். நான் கட்டுகிற கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போவார்கள். திரும்பவும் கட்டுவேன்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற முத்துமாரி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூத்தவளை ஊஞ்சலில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, இளையவன் கவின் பந்துக்குப் பின்னால் ஓடியிருக்கிறான். நான் பார்க்கும்போது பந்து தண்ணீரில் மிதந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கை. எப்படிக் குதித்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் கழுத்தளவு, கீழே சகதி. பிள்ளையைத் தூக்கிக் கரையில் குப்புறப் போட்டுத் தட்டினேன். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் கரையில் இருந்தவர்கள் எல்லோர் கையிலும் போன். ஒருத்தர்கூடத் தண்ணீரில் கால் நனைத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னிடம், "தாய்க்காரி கவனிக்கலைன்னு சொல்லிரு, என்ன?" என்றார். "சொல்ல மாட்டேன். வேலியப் போடுங்க" என்றேன். போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தங்கப்பாண்டி அண்ணன் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வெளியே கூட்டம் சேர்ந்தது. வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். "பிள்ளைகள ஏமாத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதியா?" என்று கத்தினார்கள். முதலாளி வந்து கம்பி வழியாக, "தெறக்கலைன்னா இன்னையோட ஒனக்கு வேல கெடையாது" என்றார். மில்லுக்குத் திரும்பினால் என் மூச்சு தாங்காது. ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் முத்துமாரி வந்தாள். எனக்காகத் தூக்குவாளியில் ஏதோ சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். இடுப்பில் கவின். என்ன சண்டை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "போன வாரம் அந்தக் கொளத்துல கெடந்தவன் இவந்தான். வேலி இன்னும் போடல. உள்ள போகணும்ங்கிறவுக இவன ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

யாரும் கிட்ட வரவில்லை. செத்த நேரம் கழித்துப் புதுப்பட்டி வேன் ரிவர்ஸ் எடுத்தது. அதன் பின்னால் ஒரு கார். அதன் பின்னால் இரண்டு ஆட்டோ. முதலாளி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து வெல்டிங்காரரைக் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் இடுப்புயரத்துக்குப் புது இரும்பு வேலி நின்றது. அப்புறம்தான் கேட்டைத் திறந்தேன். முதலாளி வேலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போடணும்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், நீ அதுக்குள்ள அவசரப்பட்டுட்ட."

விசில் சத்தம் காதில் ஏறாதவர்களுக்கும் வண்டி திரும்பிப் போகிற சத்தம் மட்டும் நன்றாகவே கேட்கும் என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது.