குளியல் கூடத்தில் எலும்புப் பாடம்

ஜப்பானில், ஹிமேஜி நகரில், பொதுக் குளியல் கூடம் ஒன்றை நான் நடத்திவந்தேன். அதன் பின்சுவரை ஒட்டியிருந்தது நுகாதா ஷிகெசோவின் ஜுஜுட்சு கூடம். மல்லுக்கட்டிப் பழக வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்தார்கள். ஆனால் தோள் நழுவியவர்களும் கை ஒடிந்தவர்களும் அவரைத் தேடி வந்துகொண்டேயிருந்தார்கள். பயிற்சியில் பிசகிய மூட்டை அங்கேயே சரிசெய்து பழகிய கை அவருடையது.

அனுமதியில்லாமல் வைத்தியம் செய்வதாகப் போலீஸ் இரண்டு முறை எச்சரித்தது. 1920-இல் சட்டம் மாறியது. அவரைப் போன்றவர்கள் தேர்வில் தேறினால் எலும்பு பொருத்துவதையே தொழிலாகச் செய்யலாம். நுகாதாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. எலும்பெல்லாம் விரலுக்குத் தெரியும். பெயர்தான் வாயில் வராது.

அதனால் புத்தகத்தில் படித்ததைக் குளிக்க வந்தவர்கள் உடம்பில் தேட ஆரம்பித்தார். தோஃபு கடைக்காரர் கோண்டா, வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருந்த என்னிடம் முறையிட வந்தார்.

"ஏம்மா, அந்த வாத்தியார் என் விலாவ எண்ணிட்டிருக்காரு. நான் குளிக்க வேணாமா?"

"எத்தனை இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. குறைஞ்சா அப்புறம் பேசலாம்."

ஒருநாள் தச்சர் குசாகாவின் கழுத்தடிக் காறையெலும்பில் நுகாதாவின் விரல் நின்றது. நடுவில் ஒரு மேடு தட்டியது.

"இது எப்ப ஒடிஞ்சது?"

"ஒம்போது வருஷம் ஆச்சு. பயிற்சியில நீங்கதான் தூக்கிப் போட்டீங்க."

"யாருகிட்ட காட்டுன?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. கட்டுப் போட்டதும் நீங்கதான் வாத்தியாரே."

அவர் சிரிக்கவில்லை. வெந்நீர்த் தொட்டிக்குள் போய்க் கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஒரு மாதம், தான் கட்டிய காறையெலும்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு மேடு இருந்தது. அந்த ஒன்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பத்தே நாளில் கட்டை அவிழ்த்துவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பியிருந்தார்கள். திரும்பச் சொன்னவரும் அவர்தான்.

அவர் மனைவி தோமெ என்னிடம் அலுத்துக்கொண்டாள்: "சோறு வச்சா சோத்தப் பாக்குறதில்லக்கா. என் கழுத்தையே பாக்குறாரு."

தேர்வு கோபே நகரில் நடந்தது. திரும்பி வந்ததும் அவரே என்னிடம் சொன்னார்.

"பேரு ரெண்டு தப்பாச் சொன்னேன். அப்புறம் காறையெலும்பப் பத்திக் கேட்டாங்க. பதினாலுல ஒம்போது கோணலாச் சேந்திருக்கு, சீக்கிரம் அவுத்தது என் தப்புன்னேன். கேள்வி கேட்ட டாக்டரு பேனாவக் கீழ வச்சிட்டாரு. இது உங்களுக்கு எப்படித் தெரியும்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"குளிக்கிற எடத்துலன்னேன்."

தேறிவிட்டார். கூடத்தில் பாதிப் பாய்களை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டார். அதன் பிறகு அவசரத்தை விட்டுவிட்டார்; யார் வந்தாலும் உடனே தொடமாட்டார். எப்படி விழுந்தாய், உடம்பு எந்தப் பக்கம் முறுக்கியது என்று முதலில் நடித்துக் காட்டச் சொல்வார். சீமைப்பனிச்சைப் பழம் பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்த மீன்காரர் ஒருவர், ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டே மரம் ஏறியது முதல் கீழே வந்து சேர்ந்தது வரை நடித்துக் காட்டினார். தெருவே நின்று பார்த்தது. நுகாதா மட்டும் பக்கத்தில் குந்தி, "கொஞ்சம் நில்லுங்க, எந்தக் காலு மொதல்ல வழுக்குச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.