கிர்காவ் வராந்தாவில் ஐம்பது பேர்

எங்கள் இரண்டாம் மாடி வராந்தாவைத் தாங்கும் உத்தரத்தில் மழைக்கு முன்னாலேயே விரிசல் விட்டிருந்தது. பக்கத்து அறை குசும் பெட்ணேகர் அதில் சுண்ணாம்பை அப்பி மறைத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன்? மாநகராட்சிக்குத் தெரிந்தால் நோட்டீஸ் ஒட்டி, தற்காலிகக் குடியிருப்பு என்று எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளுவார்கள். எதிர்க் கட்டிடத்துக்காரர்கள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒருத்தராவது எங்கள் கிர்காவ் பேட்டைக்குத் திரும்பியிருக்கணுமே!

“மருமகளா வந்த வீடு. பொணமாத்தான் போவேன்” என்பாள் குசும். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். கட்டிடத்தில் பாதிப் பிள்ளைகளை முதலில் ஏந்தியது அவள் கைதான். வாய் மட்டும் தேள் கொடுக்கு.

பிள்ளையாரைக் கடலில் கரைக்கும் நாள் வந்தால் கிர்காவில் சொந்தம் இருப்பது ஊருக்கே ஞாபகம் வந்துவிடும். ஊர்வலம் எங்கள் தெருவழியாகத்தானே போகிறது! டோம்பிவிலி, தாணே என்று தூரத்துப் புறநகரிலிருந்தெல்லாம் வந்து வராந்தாவில் இடம் பிடிப்பார்கள். வராதே என்று சொன்னால் மானம் போய்விடும். அன்றைக்கு ஐம்பது பேர். குசுமின் மகள் மேதா, ஐந்து மாசக் கர்ப்பிணி, கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

மேளம் நெருங்கும் நேரத்தில் குசும் படியேறி வந்தாள்.

“சுண்ணாம்பெல்லாம் கொட்டிப்போச்சுடி சுமன். விரிசல்ல என் கையே நுழையுது.”

“ஐயோ! கத்திச் சொல்லட்டுமா?”

“வாயை மூடு. இருக்கிறது ஒரே படி. எல்லாரும் ஓடினா மொத்தமாப் போயிடுவோம்.”

விறுவிறுவென்று உள்ளே போனாள். கற்பூரம் ஏற்றி, மணியடித்து, வீட்டுப் பிள்ளையாருக்கு ஆரத்தி பாட ஆரம்பித்தாள். ஆரத்தி கேட்டால் எங்களில் யாரும் வெளியே நிற்பதில்லை. சண்டைக்காரன்கூட வந்து கைதட்டுவான். முனகிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவை நான் திறந்துவிட்டேன்.

“இப்பவா அண்ணி? பெரிய பிள்ளையார் வர்ற நேரத்துலயா?” என்றார் அவள் கொழுந்தனார் வசந்த், கைபேசியில் படம் எடுத்தபடி.

“என் வீட்டுச் சாமி என்ன பொம்மையா? வந்து கையைத் தட்டு!”

அவர் அசையவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாசற்படியைத் தாண்டினோமோ இல்லையோ, பின்னால் மடமடவென்று சத்தம். பாதி வராந்தாவைக் காணோம். போலீஸ் கயிறு கட்டிக் காலியாக வைத்திருந்த நடைபாதையில் பலகைகள் கிடந்தன.

தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து எல்லோரையும் இறக்கினார்கள். பின்னாலேயே மாநகராட்சி இன்ஜினியர் வந்தார்.

“விரிசல் எப்ப விட்டுச்சு? இன்னைக்குக் கூட்டத்துல உடைஞ்சதுன்னா வராந்தாவை மட்டும் சரி பண்ணலாம். பழசுன்னா கட்டிடமே காலி.”

“இன்னைக்குத்தான் சார்” என்றேன் நான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

குசும் மேதாவைப் பார்த்தாள்.

“மழைக்கு முன்னாடியே விட்டுச்சு. நான்தான் பூசி மறைச்சேன். எழுதிக்கோங்க.”

அன்று சாயங்காலமே கட்டிடத்தின் முப்பத்தாறு குடும்பங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பின. ஒருத்தரும் அவளிடம் பேசவில்லை. பாவி, நானும்தான் பேசவில்லை.