கறுப்புக் காரும் கஸ்தூரியின் விரல்களும்

கார் துடைக்கும் தொழிலில் அழுக்கு எளிதில் போய்விடும். அதைக் கொண்டுவந்தவரின் சொல்தான் போகாது. உணவகத்தில் மேசை துடைப்பவர்களே, மருத்துவமனையில் தரை துடைப்பவர்களே, பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்குபவர்களே, நீங்கள் யாவரும் என் இனத்தார். இதைப் படித்தபின் உங்களுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பொறுமையின் பெருமையை நமக்கு எடுத்துச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலாளி எங்கே?

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய சாலையில் என்னுடைய வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. வண்டியின் வெளிப்புறம் என் பொறுப்பு. உட்புறம் கஸ்தூரியின் பொறுப்பு. வேறு ஆள் இல்லை. ஒருநாள் காலையில் இடியைப் போன்ற உறுமலோடு ஒரு கறுப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டி. அதிலிருந்து இறங்கிய இளைஞர் ரிஷி, சுரங்கத்தில் ஒப்பந்த வேலைகள் எடுக்கும் ஒருவரின் மகன். தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, "ஓனர் இல்லியா?" என்றார். நான்தான் என்றேன். எனக்குப் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் ஊரில் கறுப்பு வண்டி வாங்கியவர் மீது எனக்கு இரக்கமே உண்டாயிற்று. "தம்பி, காத்து திரும்பிச்சின்னா இங்க சாம்பல் விழும். காஞ்ச துணியால தொடைக்காதீங்க, உப்புத்தாள் வச்சித் தேய்ச்ச மாதிரி ஆயிடும். தண்ணி ஊத்தி எறக்கிட்டுத்தான் துணி வைக்கணும்" என்றேன். எங்கள் கடைக்கு வரும் எல்லாரிடமும் சொல்வதுதான். காரை வாங்குவதற்குப் பணம் போதும். ஊரைத் தெரிந்துகொள்ளக் காது வேண்டும். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார்: "இது இம்போர்ட்டட் பெயிண்ட் மேடம். நெய்வேலித் தூசியெல்லாம் இதுல ஒட்டாது."

சந்தன நிற இருக்கைகள்

கஸ்தூரி குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவள். எங்களிடம் சேருவதற்கு முன் பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தாள். அந்தக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். பொசுக்கிய இடத்தில் கறுப்பை விட்டுச் செல்லும். கொப்புளங்கள் ஆறி வெகுகாலம் ஆகியும் அவளுடைய விரல் நுனிகள் கறுத்தே இருந்தன. எங்கள் கடையை விட்டால் அவளுக்கு அந்த ஆலைதான். அங்கே திரும்பிப் போகக் கூடாது என்ற ஒரே உறுதியில் அவள் உழைத்துக்கொண்டிருந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரிஷியின் காரில் இருக்கைகள் சந்தன நிறத் தோலால் ஆனவை. கஸ்தூரி மெல்லிய தூரிகையோடு உள்ளே குனிந்ததும், அவர் பதறி, "மேடம், அது கை கழுவிச்சா?" என்று என்னிடம் கேட்டார். அவள் என்றுகூட இல்லை, அது. முந்திரி எண்ணெய்க் கறை, கழுவினால் போகாது என்று விளக்கினேன். கையுறை போட்டே ஆக வேண்டும் என்றார். போடுவதற்குள் அந்தக் கைகளை அலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். காரின் கறுப்புக்கு அவர் கூடுதலாக விலை கொடுத்திருந்தார். உழைப்பினால் வந்த கறுப்பு மட்டும் அவருக்கு அருவருப்பாக இருந்தது. நண்பர்களே, ஒரு மனிதரின் கல்வியை அளக்க விரும்பினால் அவருடைய பட்டத்தைக் கேட்காதீர்கள். தமக்காக வேலை செய்கிறவரை அவர் எந்தச் சொல்லால் சுட்டுகிறார் என்று கேளுங்கள்.

கஸ்தூரி கையுறை மாட்டிக்கொண்டாள். உறிஞ்சு குழாயை இருக்கையின் இடுக்கில் விட்டபோது, மிளகு தூவி வறுத்த முந்திரியின் துண்டுகள் கடகடவென்று ஏறின. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ரிஷிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "திங்கறப்ப மட்டும் எந்தக் கை ஒடச்சிதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லக்கா."

பலாப்பழம்

அடுத்த முறை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நாங்கள் பயன்படுத்திய ஷாம்பூவினால் வண்டிக்குள் உட்கார முடியவில்லை என்று குற்றம் சாட்டினார். கதவைத் திறந்தவுடனேயே பண்ருட்டிச் சந்தை முழுவதும் எங்கள் கடைக்கு வந்துவிட்டது. நன்றாகக் கனிந்த பலாப்பழம் ஒன்றை இருக்கையில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். பழத்திற்கு இருக்கைப் பட்டியும் மாட்டியிருக்க வேண்டும். பட்டியில் பிசின் ஒட்டியிருந்தது.

தன் முகத்திலிருந்த கரியைக் கண்ணாடியில் கண்ட ஒருவன், கண்ணாடி விற்றவனை அழைத்துவந்து துடைக்கச் சொன்னானாம். விற்றவனும் துடைத்தான். அன்று தொடங்கி இன்றுவரை துடைத்துக்கொண்டே இருக்கிறான். அப்படித்தான் நானும் கஸ்தூரியும் அரை நாள் துடைத்தோம். பட்டியின் பூட்டுக்குள்ளிருந்து அவள் ஒரு பலாக்கொட்டையைக் குச்சியால் நெம்பி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதை ரிஷியிடம் நீட்டினேன். அவர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகத் தீர்ப்பு வழங்கினார்: "கொட்டை எங்களுதுதான் மேடம். வாசனை உங்க ஷாம்பூ."

வாட்ஸ்அப்பில் ஒரு படம்

இதுவரை சிரித்தவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் நகரியத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, வெயிலில் எடுத்த அந்தக் காரின் முன்மூடி, அதாவது பானட். அதில் சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள். மற்றொன்று, கஸ்தூரியின் கைகள். முகமில்லை, பெயரில்லை, கைகள் மட்டும். கீழே, 'இந்தக் கையை உங்கள் வண்டியைத் தொட விடாதீர்கள்' என்று எழுதி, எங்கள் கடை இருக்கும் இடத்தையும் ரிஷி குறிப்பிட்டிருந்தார். வெளிப்புறத்தைத் துடைப்பது நான். அந்த முன்மூடியின் மேல் கஸ்தூரியின் நிழல்கூட விழுந்ததில்லை. ஆனால் படத்துக்கு என் விரல்கள் பொருத்தமாக இருந்திருக்காது.

வழக்கமாக வரும் வண்டிகள் குறைந்தன. வந்தவர்களும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்ளப் பழகினாள். ஒருநாள், "நான் நின்னுக்கட்டாக்கா? மறுபடியும் கொட்டையே ஒடச்சிகினு கெடக்கறேன். கைதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே" என்றாள். நான் அவளைத் திட்டினேன். திட்ட வேண்டியவர் எதிரில் இல்லாதபோது நாம் யாரைத் திட்டுகிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஓர் அரசன் வெள்ளைக் குதிரை ஒன்று வாங்கினான். அதன் குளம்பில் புழுதி படக் கூடாதென்று, குடிமக்களின் வீடுகளிலிருந்த கம்பளிகளையெல்லாம் பிடுங்கித் தெருவில் விரித்தான். மார்கழி வந்தது. குளிரில் நடுங்கிய மக்களின் பற்கள் கிடுகிடுக்கும் ஓசையில் குதிரை மிரண்டு அரசனைத் தள்ளியது. அப்போதும் அரசன் மக்களின் பற்களைத்தான் குற்றம் சொன்னான். கொடுமை எதுவென்றால், அந்த ஊரிலும் குதிரைக்காக வருந்திய நல்லவர்கள் இருந்திருப்பார்கள். நம் ஊரிலும் இருக்கிறார்கள். நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், எனக்கு ஆறுதல் கூறுவதற்கென்றே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கும்மா. அந்தப் பொண்ண மட்டும் வெளிய தெரியாம உள்ளயே வச்சிக்கிங்க."

கைக்குட்டை

அதன்பின் ஒரு காலையில் அதே கார் மறுபடியும் வந்தது. கீறல்களை நாங்களே பாலிஷ் போட்டு நீக்கித் தர வேண்டுமாம். கஸ்தூரி பத்தடி தள்ளி நிற்க வேண்டுமாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து நுரை போடத் தொடங்கினேன். காற்று அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வீசியது. முன்மூடியின் மேல் சாம்பல் மெல்லப் படிந்தது.

"இங்க வந்து பாருங்க மேடம், உங்க ஆளு பண்ண வேலைய" என்று அழைத்தார். சாம்பல் மறைத்ததால் கீறல் தெரியவில்லை. உடனே சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தச் சாம்பலை அழுத்தி வட்ட வட்டமாகத் துடைத்தார். நறநறவென்ற ஓசை எனக்கும் கேட்டது. பத்தடி தள்ளி நின்ற கஸ்தூரிக்கும் கேட்டது.

"தம்பி, தெனமும் இப்டித்தான் தொடைக்கிறீங்களா?"

"காலைல கெளம்பறப்ப ஒரு தடவ. அதுக்கென்ன?" என்றவர், சொல்லிவிட்டுத் தம் கையைப் பார்த்தார். கைக்குட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் அடியில் புதிய வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவர் புரிந்துகொண்டார் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. புரிந்துகொண்டபின் அவர் பேசியதுதான் என்னால் இன்றளவும் மன்னிக்க முடியாதது.

"சரி, விடுங்க மேடம். அப்பா கம்பெனி வண்டி எல்லாத்தையும் இனிமே உங்ககிட்டயே அனுப்பறோம். அந்தம்மாவ மட்டும் நிறுத்திடுங்க. குரூப்ல போட்டாச்சி, இப்ப மாத்தி எழுதினா எனக்கு அசிங்கம்."

அறியாமல் ஒருவரைப் பழிப்பவன் திருந்தக்கூடும். பொய்யென்று அறிந்தபின்னும், தன் முகம் சிறுக்காமல் இருப்பதற்காக இன்னொருத்தியின் சோற்றைக் கேட்பவனை என்னவென்று அழைப்பது? கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வண்டிகள் வருவதாக அவளுக்கும் காதில் விழுந்திருந்தது. நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"வண்டிய எடுங்க தம்பி."

"பின்னால சோப்பு இருக்கு மேடம்."

"இருக்கட்டும்."

அந்தக் கறுப்புக் கார் பாதி உடம்பில் நுரையோடு சாலையில் ஏறியது. விழுகிற சாம்பலெல்லாம் அந்த ஈர நுரையில் போய் அமர்ந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். எங்கள் வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வண்டியை மெதுவாக உள்ளே விட்டு, என்னைத் தாண்டிக் கஸ்தூரியிடம் சாவியை நீட்டினார்: "என் வண்டியில புதுசா கீறல் போட எடமே கெடையாதும்மா. உள்ள வெளிய எல்லாம் நீயே தொடச்சிடு."

குழுவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது, கடையில் கஸ்தூரியும் இன்னும் இருக்கிறாள்; ஆகவே என் இனத்தாரே, வாடிக்கையாளரே தெய்வம் என்று கடைச் சுவரில் எழுதி வைத்திருப்பவர்கள் இன்றே ஓர் ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.