மார்கழி வாசலில் ஓர் எனாமல் தொட்டி

ஸ்ரீரங்கத்தில் குடித்தனம் வைத்த முதல் சில வருஷங்கள் எனக்கு வாசல் என்று ஒன்று கிடையாது. உத்தர வீதியில் ஒரு வீட்டு மாடியில் ஒன்றரை அறை. முழு அறையில் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்தோம். அரை அறையில் டிரங்குப் பெட்டிகளையும், என் புக்ககத்தார் எங்கள் மேல் வைத்திருந்த கோபத்தையும் அடுக்கி வைத்திருந்தோம். வாசல், ரேழி, கூடம், கிணறு எல்லாம் கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமிக்குச் சொந்தம். மாடியில் இருப்பவள் வாசலில் கோலம் போடக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். எனக்கு அதில் வருத்தம் இல்லை, எனக்குக் கோலமும் சரியாக வராது.

எனக்குக் கிடைத்தது எங்கள் அறையை ஒட்டிய மொட்டை மாடி. அதை நான் பிடித்துக்கொண்டதற்குச் செடி ஆசை காரணம் இல்லை. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் மடியில் குழந்தை இல்லாத பெண்ணை, கிணற்றடியிலும் கோயில் பிராகாரத்திலும் படித்துறையிலும் பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஏதாவது விசேஷம் உண்டாடீ?" என்று கேட்பார்கள். மாடியில் குரங்குகள்தான் வரும். அவை எதையும் கேட்பதில்லை, எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எதையாவது செய்துகொண்டு அங்கேயே நிற்கலாம் என்றுதான் செடி வைக்க ஆரம்பித்தேன்.

தொட்டி வாங்க வக்கில்லை. மண்ணெண்ணெய் டின்னில் ஆணியால் அடியில் நாலு ஓட்டை போட்டு அவரைக்கொடி வைத்தேன். வாய் உடைந்த பானையில் மருக்கொழுந்து. விரிசல் விட்ட கல்சட்டியில் கனகாம்பரம். என் சீதனத்து டிரங்குப் பெட்டி ஒன்று அடி துருப்பிடித்துப் போயிருந்தது, அதில் பரங்கி விதை போட்டேன். மண்ணுக்கு என் அகத்துக்காரர் பொறுப்பு. ஆடி வெள்ளம் வடிந்ததும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் காலையில் குளித்துவிட்டு, வண்டலை ஈரத்துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். ரயில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் தினமும் காவிரியிலிருந்து சேற்றோடு வீடு திரும்புவதைப் பார்த்து, இது ஏதோ புத்திர பாக்கியத்துக்கான பரிகாரம் என்று தெரு தானாகவே முடிவு செய்தது. அவர் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு எதற்கு என்று விளக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் என் தோட்டம் கொழுத்தது. மாமியின் உக்கிராண அறைக் கூரையும் ஊறியது. ஒருநாள் அரிசிப் பானைக்கு நேர் மேலே ஒரு பழுப்புத் திட்டு தெரிந்தது. மாமி என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

"மழை எல்லா ஆத்து மேலயும்தான் பெய்யறது மாமி" என்றேன்.

"எல்லா ஆத்து மாடியிலயும் டிரங்குப் பெட்டியில பரங்கி இல்லையே" என்றாள் மாமி. "தை பொறக்கறச்சே மாடி காலியா இருக்கணும். சொல்லிட்டேன்."

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஆசாரத்துக்கு அவள்தான் அளவுகோல். என் நிழல் அவள் மடிப்புடவை மேல் விழுந்தால்கூட மறுபடி நனைத்து உலர்த்துவாள். அவள் அகத்துக்காரர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது முக்கால்வாசி கேட்காது, மீதியையும் அவர் மாமிக்காகச் செலவழிக்க விரும்பியதில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

மாமி சொன்னால் சொன்னதுதான். நான் மாடிக்குப் போய் அவரைப் பந்தலடியில் உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த மாடி போனால் எனக்கு இந்த ஊரில் நிற்க ஓர் இடம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் பாத்திரம் வந்து சேர்ந்தது. கன்டோன்மென்ட்டில் ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகிறார் என்று பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். என் அகத்துக்காரர் மேஜை விளக்கு வாங்கப் போனார். விளக்கு வேறு யாருக்கோ போய்விட்டது. வெறுங்கையோடு வர ரோஷம், இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை எனாமல், வாய் அகன்று, வயிறு புடைத்து, நல்ல கனம். சுற்றிலும் நீலப் பூங்கொடி. ஒரு பக்கம் மட்டும் காது. மேலே ஒரு மூடி, அதிலும் நீலப் பூ.

"இது என்னன்னா?"

"துரைகள் சாதம் பரிமாறற பாத்திரம். ஆறாம இருக்க மூடி."

"ஒரு பக்கம் மட்டும் காது வெச்சிருக்காளே?"

"அவாளுக்கு ஒரு கையிலதான் சாப்பாடு, இன்னொரு கையில கத்தி" என்றார். அவருக்குத் தெரியாத விஷயங்களில்தான் அவருடைய பதில் உடனே வரும்.

துரை சாப்பிட்ட பாத்திரத்தில் நாம் சமைக்க முடியாது. ஆனால் அவ்வளவு அழகான பொருளில் அவரையைப் போடவும் மனம் வரவில்லை. துளசிதான் பொருத்தம் என்று தோன்றியது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அடியில் ஓர் ஓட்டை போட்டேன். வண்டலும் சாண எருவும் கலந்து நிரப்பி கிருஷ்ண துளசி நட்டேன். மூடியைக் கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வைத்து, குருவிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கார்த்திகைக்கு ஒவ்வொரு டின் விளிம்பிலும் ஓர் அகல் ஏற்றியபோது, எனாமல் தொட்டிதான் எல்லாவற்றையும் விட ஜொலித்தது.

கார்த்திகை முடியும் தறுவாயில் மாமி மாடிக்கு வந்தாள். டின்களைக் காலி செய்ய ஆரம்பித்தேனா என்று பார்க்கத்தான் வந்தாள். அவள் தலை தெரிந்ததுமே, குருவித் தண்ணீரை அவள் எச்சில் என்று சொல்வாளோ என்று பயந்து மூடியைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மாமி துளசித் தொட்டி முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். காதைத் தொட்டுப் பார்த்தாள். குனிந்து விளிம்பைப் பார்த்தாள்.

"இது ஏது?"

"துரையாத்து ஏலம், மாமி."

"ம்" என்றாள். பிறகு, "நம்ம தெருவில ஒருத்தியாத்து வாசல்லயும் இப்படி ஒண்ணு இல்லை. மார்கழிக்கு நம்மாத்து வாசல்ல வெக்கலாம். பரங்கிப்பூவும் நீ குடு. உன் டின்னைப் பத்தி அப்புறம் பார்ப்போம்" என்றாள்.

எதிர்வீட்டு மாமிக்கும் இவளுக்கும் கோலத்தில் பல வருஷத்துப் போட்டி. என் தொட்டி அந்த யுத்தத்துக்கு வந்த பீரங்கி என்பது எனக்குப் புரிந்தது. மாடி தப்பித்தது என்று துள்ளாத குறைதான். மாமி தொட்டியைக் காலி செய்யச் சொல்லி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தானே காவிரிக்கு எடுத்துப் போய் மூன்று முறை முக்கி எடுத்தாள். துரையின் எச்சில் போவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். துளசியை மறுபடி அதிலேயே நட்டேன்.

மார்கழி பிறந்தது. விடியலில் மாமி தேர்க்கோலம் போடுவாள். நான் மாடியிலிருந்து பனியில் நனைந்த பரங்கிப்பூவைப் பறித்து வருவேன். காய் பிடிக்கும் பூவை விட்டுவிட்டு ஆண்பூவை மட்டும் பறிக்க வேண்டும். கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் செருகுவோம். மற்றத் தெருக்களில் அதைப் பிள்ளையார் என்பார்கள். எங்கள் வைஷ்ணவத் தெருவில் அது சாணி உருண்டை மட்டும்தான், பிள்ளையார் என்று வாய் தவறினால் மாமி முறைப்பாள். கோலத்தின் தலைமாட்டில், காவி பூசிய மணை மேல், நீலப்பூ போட்ட என் எனாமல் தொட்டி. எதிர்வீட்டு மாமி தினமும் அதைப் பார்த்துவிட்டுக் கதவை ஒரு சத்தத்தோடு சாத்துவாள். எங்கள் மாமி தினமும் அந்தத் துளசியிலிருந்து நாலு இலை கிள்ளிக்கொண்டு பூஜைக்குப் பெருமாள் உள்ளுக்குப் போவாள்.

பத்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு சாயங்காலம் என் அகத்துக்காரர் ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வேலை போய்விட்டதோ என்று நினைத்தேன். வேலை இருந்தது. ஆபீஸில் ஆங்கிலோ இந்தியக் குமாஸ்தா ஒருவரிடம் தொட்டியின் பெருமையைப் பேசியிருக்கிறார். அந்த மனிதர், ஒரு பக்கம் காதா, மூடி உண்டா என்று கேட்டுவிட்டு, நாற்காலியோடு சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாராம்.

"அது சாதம் பரிமாறற பாத்திரம் இல்லையாம்" என்றார்.

"பின்னே?"

"அவா ராத்திரி எழுந்து வெளியில போக சோம்பல்பட்டுண்டு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு வெச்சுப்பாளாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே மாமி கிள்ளிய நாலு இலை ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சொன்னால் மாமி பிராயச்சித்தம் செய்துகொள்வாள், எங்களை மாடியோடு காலி செய்வாள், தெரு முழுக்கக் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அத்தனை பாவமும் என் கணக்கில். மார்கழியில் தினமும் திருப்பாவை சொல்லிக்கொண்டே நான் யோசித்தது இதை மட்டும்தான். மாற்றிவிடலாம் என்று மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நல்ல மண் தொட்டி வாங்கி வந்தோம்.

"இது எதுக்கு? அதுதான் அழகு" என்று மாமி திருப்பி அனுப்பிவிட்டாள்.

நான் செய்த ஒரே காரியம், அந்த மூடியைத் தேய்த்துத் துணியில் சுற்றி, அரை அறையில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்ததுதான். கொலைகாரி கத்தியை ஒளிப்பது மாதிரி.

வைகுண்ட ஏகாதசி வந்தது. சொர்க்கவாசல் சேவித்துவிட்டு ஜனங்கள் வீதி கொள்ளாமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பட்டினி, தூக்கம் இல்லை, பக்தி நிரம்பி வழிகிற கூட்டம். வாசலில் துளசியைப் பார்த்ததும் நின்றார்கள். ஒரு கிழவர் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் வரிசையே உண்டாகிவிட்டது. சிலர் தொட்டியின் காதைப் பிடித்து நெற்றியை வைத்தார்கள். ஒவ்வொரு நெற்றியும் படும்போது எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. இந்தக் கூட்டம் போனதும் மாமி காலில் விழுந்து சொல்லிவிடுவது, மாடி போனால் போகட்டும் என்று தீர்மானம் செய்தேன்.

அப்போது உற்சவம் பார்க்க வந்த ஒரு துரையும் துரைசானியும் கூட்டத்தில் தள்ளப்பட்டு எங்கள் வாசலுக்கே வந்து நின்றார்கள். துரைசானி கோலத்தைப் பார்த்தாள். பரங்கிப்பூவைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. துரை காது வரை சிவந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"பாத்தேளா, வெள்ளைக்காரிக்கே கண்ணுல ஜலம் வந்துடுத்து. பெருமாள் கடாட்சம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. இன்னும் நாலு பேர் தொட்டியைத் தொட்டுக்கொண்டார்கள்.

ஒருவழியாக வாசல் காலியாயிற்று. மாமியும் நானும் மட்டும் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி கேட்டாள்.

"அவ ஏன்டீ அப்படிச் சிரிச்சா?"

அத்தனை தீர்மானமும் பறந்துவிட்டது. "தெரியலையே மாமி" என்றேன்.

"எனக்கும் தெரியலே" என்றாள். குனிந்து கோலத்தைப் பார்த்தாள். தொட்டி ஓட்டையிலிருந்து ஒழுகிய தண்ணீர் மணையிலிருந்து வழிந்து, தேரின் ஒரு சக்கரத்தைக் கரைத்திருந்தது. "தினமும் இப்படித்தான் ஆறது. போய் அதோட மூடியை எடுத்துண்டு வா. மல்லாத்தி அடியில வெச்சா தண்ணி நிக்கும்."

"மூடியா, மாமி?"

"மூடி இல்லாம அது வராது. இவர் இருந்த ஆஸ்பத்திரியில வெள்ளைக்காரா வார்டுல கட்டிலுக்கு ஒண்ணு. நான் சாப்பாடு எடுத்துண்டு போறச்சே எத்தனை பாத்திருக்கேன்."

"தெரிஞ்சேவா மாமி... பெருமாளுக்குத் துளசி..."

"மூணு தடவை முக்கினேனே. காவேரியில இந்த ஊர்ப் பாவமெல்லாம் கரையறது, துரையோடது கரையாதா?" என்றாள் மாமி. பிறகு எதிர்வீட்டுக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ சின்னவ. உனக்குத் தெரிஞ்சா அருவருப்புப் பட்டுண்டு தூக்கி எறிஞ்சுடுவியோன்னு இந்த மாசம் பூரா எனக்குத் தூக்கம் இல்லை."

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகம் இல்லை. ரேழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மாமியின் மடிப்புடவை என் மேல் நன்றாகப் பட்டது, அவள் நகரவில்லை. உள்ளே கம்பவுண்டர் மாமா பேப்பரைக் கீழே இறக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

மாடிக்கு ஓடி மூடியைத் துணியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தேன். மாமி அதை வாங்கித் தொட்டிக்கு அடியில் வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

"உன் டின்னுக்கெல்லாம் இப்படி ஒண்ணொண்ணு அடியில வெச்சிருந்தா என் உக்கிராணம் ஏன் ஒழுகறது?" என்றாள். "அடுத்த ஏலம் எப்போன்னு உங்காத்துக்காரரைக் கேட்டு வை."