பதினோரு ஜோடித் துளை

ஸ்கார்வ் தீவில் நர்ஸ் ரென்ஸ்கேயின் முகத்தை மறந்தவர்கூட இருக்கலாம். அவளுடைய பூட்ஸை மறந்தவர் கிடையாது. கெண்டைக்காலைத் தாண்டி ஏறும் பழுப்புத் தோல் பூட்ஸ். ஒவ்வொன்றிலும் பதினோரு ஜோடித் துளை, அத்தனையிலும் லேஸ். எல்லாரும் காலை நுழைத்துவிட்டு நடக்கிற ரப்பர் பூட்ஸ் போடும் ஊர் அது. ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறி இறங்கும் நர்ஸ் மட்டும் ஒவ்வொரு வீட்டு முன்கட்டிலும் உட்கார்ந்து துளை துளையாக லேஸ் அவிழ்த்து, போகும்போது துளை துளையாகக் கோர்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு வலையைப் போட்டு எடுத்துவிடலாம் என்பது அவள் கணவன் ஓட்மாரின் கணக்கு.

இருபத்திரண்டு வருடம் முன்பு ஓட்மாரைக் கட்டிக்கொண்டு ஹாலந்திலிருந்து வந்தபோது அவளிடம் இருந்தது சாதாரண பூட்ஸ்தான். நேரே விஷயத்துக்கு வருவது அவள் பிறந்த ஊரின் பழக்கம். வலிக்கிறதா என்று கேட்டால் வலிக்கிறது என்பார்கள், எங்கே என்றால் இங்கே என்பார்கள், எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஸ்கார்வ் தீவில் முதல் வருடம் முழுக்க அவள் அப்படித்தான் கேட்டாள். காப்பி கோப்பையில் விழுவதற்கு முன்பே மலச்சிக்கல் உண்டா என்று கேட்டாள். தீவுக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். வருவது நர்ஸ் இல்லை, சுங்க அதிகாரி என்று கடையில் பேச்சு.

எல்லாக் கேள்விக்கும் அவளுக்குக் கிடைத்தது ஒரே பதில். "அவ்வளவு மோசமில்ல." காய்ச்சல் அவ்வளவு மோசமில்லை, தூக்கம் அவ்வளவு மோசமில்லை, மனைவி செத்து ஒரு மாதம், அதுவும் அவ்வளவு மோசமில்லை. அந்த வருடம் உலகத்திலேயே ஆரோக்கியமான தீவு ஸ்கார்வ்தான், ரென்ஸ்கேயின் காகிதங்களை நம்பினால்.

ஹால்வ்தான் என்ற செம்மறி வளர்ப்பவர் வீட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டு அவள் கிளம்பினாள். அவர் வாசல்வரை கூட வந்தார். அங்கே அது வழக்கம். வந்தவர் வண்டியில் ஏறித் திருப்பத்தில் மறையும்வரை வீட்டுக்காரர் கதவருகே நிற்பார். அவள் காலை பூட்ஸில் செருகும்போது ஹால்வ்தான் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் விறகுக் கொட்டகை தூரமாப் போயிருச்சு."

கிழவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்து ரென்ஸ்கே சிரித்தாள், போய்விட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஹால்வ்தான் விழுந்துகிடந்தார். மாரடைப்பு. எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து பிழைத்து வந்தவரிடம், ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டபோது அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "சொன்னேனே. நீதான் சிரிச்சுட்டுப் போயிட்ட."

அன்று ரென்ஸ்கேக்கு ஒன்று விளங்கியது. இந்தத் தீவில் மேஜையில் பேசுவது மரியாதைக்காக. விஷயம் வெளியே வருவது வாசலில், வந்தவர் போகப்போகிறார் என்று உறுதியான பிறகு, முகம் பார்க்கத் தேவையில்லாதபோது. அங்கே அவளுக்கு இருந்ததோ இரண்டு காலைச் செருகும் நேரம். அடுத்த வாரம் எதிர்க்கரைக்குப் போய் இருப்பதிலேயே அதிகத் துளை உள்ள பூட்ஸாகக் கேட்டு வாங்கினாள். கடைக்காரர் மலையேறப் போகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

மூன்றாவது துளையில் மூட்டுவலி வரும். ஆறாவதில் மூலம். எட்டு, ஒன்பதில் மகன் போனே செய்வதில்லை என்பது. பதினொன்று தாண்டியும் ஒருவர் வாயைத் திறக்கவில்லையென்றால், லேஸ் தப்பாகக் கோர்த்துவிட்டதாகச் சொல்லி அவிழ்த்து மறுபடி தொடங்குவாள். ஊருக்கு இந்தத் தந்திரம் இரண்டே வருடத்தில் தெரிந்துபோனது. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லையே.

இந்தப் பிப்ரவரியில் டோர்லைவுக்கு எழுபத்தைந்து முடிந்தது. எழுபத்தைந்து ஆனவர்கள் வீட்டுக்கு நர்ஸ் போய் நகராட்சியின் அறுபத்து நான்கு கேள்வியைக் கேட்டுவர வேண்டும். டோர்லைவ் மீன் பிடிக்கிறவர், தனிக்கட்டை. அதுவரை கூடப் போய்க்கொண்டிருந்த தம்பி இடுப்பு ஆபரேஷனோடு கடலை விட்டுவிட்டார். நடுக்கடல் பக்கமுள்ள வெளித்திட்டுக்குப் பெரிய காட் மீன் வந்தாயிற்று, வியாழக்கிழமை தனியாகவே படகை எடுக்கப்போவதாக டோர்லைவ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ரென்ஸ்கே போனது செவ்வாய்.

வரவேற்பு பிரமாதம். சாய்வு நாற்காலியில், மடியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். காப்பி ஃபிளாஸ்க், இரண்டு கோப்பை, வாஃபிள், பழுப்புச் சீஸ் எல்லாம் பக்கத்து மேஜையில் தயார். அறுபத்து நான்கு கேள்விக்கும் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னார். மூச்சு? அவ்வளவு மோசமில்ல. தூக்கம்? கட்டை மாதிரி. காலில் வீக்கம்? யாருக்கு, எனக்கா? நடுநடுவே அவளுடைய நாட்டு ஆட்கள் கடலைக் கண்டால் உடனே சுவர் கட்டிவிடுவதைப் பற்றி இரண்டு கிண்டல். ரென்ஸ்கேயும் சிரித்தாள். படிவம் இவ்வளவு அழகாக நிரம்பியதே இல்லை.

அவள் எழுந்தாள். டோர்லைவ் எழவில்லை.

"பாத்துப் போ. ரோட்டுல பனி உறைஞ்சிருக்கு" என்றார், நாற்காலியில் இருந்தபடியே.

முன்கட்டுக்கு வந்து பூட்ஸை எடுத்தவள் அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் வாசலுக்கு வராத வீட்டுக்காரர் இவர்தான் முதல். பூட்ஸ் தந்திரத்துக்குத் தப்பிக்கிறாரா? டோர்லைவ் அதற்கும் துணிந்தவர்தான். ஆனால் அந்த ஃபிளாஸ்க்? அடுப்பில் கொதிக்கும் கெட்டிலிலிருந்தே காப்பி ஊற்றுகிறவர். வாஃபிள் கடையில் வாங்கியது. அவள் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஒரு தரம்கூட எழுந்திருக்கவில்லை. சுவரோரம் அவருடைய ரப்பர் பூட்ஸ் நின்றது. இரண்டிலும் கணுக்காலிலிருந்து மேல்வரை கத்தியால் கீறியிருந்தது, வீங்கிய கால் நுழைவதற்காக.

டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். டாக்டரிடமும் அவ்வளவு மோசமில்லை என்பார், வியாழக்கிழமை படகு போகும், இந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் திரும்பி வருவது சந்தேகம். அவர் வாயால் வர வேண்டும். அவருக்கோ, சொன்னால் படகு போய்விடும் என்ற பயம். படகில்லாத டோர்லைவை டோர்லைவுக்கே பழக்கமில்லை.

ரென்ஸ்கே பூட்ஸில் கால்களை நுழைத்தாள். லேஸைக் கட்டாமல், அதைத் தரையில் இழுத்துக்கொண்டே, பனிச்சேறோடு கூடத்துக்குள் நடந்தாள்.

டோர்லைவின் அம்மா நெய்த கம்பளம் அது. அதன்மேல் செருப்புக்காலோடு யாரும் ஏறியதில்லை, பாதிரியார் உட்பட.

"பூட்ஸோட உள்ள வந்துட்ட" என்றார் டோர்லைவ்.

"நீங்க வாசலுக்கு வரல. அதான் வாசலை இங்க கொண்டுவந்தேன்."

கம்பளத்தின் நடுவில் சம்மணமிட்டு, அவர் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, லேஸ் கோர்க்கத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. ஜன்னலுக்கு வெளியே படகு ஆடிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவளுக்கு இன்றும் சுலபமில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது துளையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"படுத்தா மூச்சு முட்டுது. மூணு வாரமா இந்த நாற்காலிதான் கட்டில்."

எட்டாவது துளையில் சொன்னார்: "எழுதிட்டீன்னா படகைப் பிடுங்கிருவாங்க."

"தனியாப் போறதத்தான் நிறுத்துவாங்க" என்றாள் ரென்ஸ்கே, லேஸிடம். "ரெண்டு பேராப் போக ஆள் கிடைப்பாங்க. அதுக்கு முன்னாடி உங்களை உக்காரவெச்சே எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இன்னைக்கே."

ஒன்பதைக் கோர்த்தாள். பத்தாவது துளை. "ஆம்புலன்ஸ் படகு ஓட்டறவனுக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியாது" என்றார். அந்தத் தீவில் அதற்கு அர்த்தம், சரி.

இதயம் களைத்து, உடம்பில் நீர் தங்கியிருந்தது. பதினேழு நாளில் ஒன்பது கிலோ நீர் இறங்கித் திரும்பினார். நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விக்கும் நலம் என்றிருக்கிறதே, கீழே 'வாசலுக்கு வரவில்லை, உடனே ஆஸ்பத்திரி' என்று எழுதியதற்கு என்ன பொருள் என்று விசாரித்தாள். விளக்க ரென்ஸ்கேக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்தப் பெண் தலைநகரத்துக்காரி.

டோர்லைவோடு கடலுக்குப் போக ஆளும் கிடைத்தது. தன்னைக் கேட்காமலே மனைவி தன்னைக் கொடுத்துவிட்டதாக ஓட்மார் புலம்புகிறான். கிழவர் விடிவதற்கு முன்பே எழுப்புகிறாராம், சாயங்காலம்வரை குறை சொல்கிறாராம்.

ஏப்ரலில் ரென்ஸ்கே மறுபடி போனாள். கொதிக்கும் கெட்டில், வீட்டு வாஃபிள். கம்பளத்தில் சேற்றுக்கறை அப்படியே இருந்தது. அதை யாரும் பேசவில்லை. அவள் கிளம்பியபோது டோர்லைவ் பின்னாலேயே வந்து, கதவுச் சட்டத்தில் கைவைத்து, கடலைப் பார்த்து நின்றார். அவள் கோர்த்தாள். ஐந்து, ஆறு, ஏழு.

"நிதானமாக் கட்டு" என்றார் டோர்லைவ். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் நிக்கிறேன்."

ரென்ஸ்கே நம்பினாள். ஆனாலும் பதினொன்று முடிந்ததும், எங்கேயோ ஒரு துளை தவறிவிட்டதாகச் சொல்லி, இடது பூட்ஸை முதலிலிருந்து அவிழ்த்தாள்.